மூன்று வேளையும் ரொட்டி சானாய் என்றால் எந்த ஊரும் ஒத்துக்கொள்ளாது

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கம். வயது 27. எட்டு மாதத்துக்கு முன் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்தேன். வீட்டில் சுத்த சைவம். விடுதியில் படித்த காலத்திலிருந்து முட்டை மட்டும் சாப்பிடுவேன். இங்கே எதை வாங்கினாலும் மீன் வாடை. கூடத் தங்கியிருக்கும் இருவரும் மலாய்க்காரர்கள். நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் பெலாச்சான் என்கிற இறால் விழுதைச் சுடும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். தமிழர் கடைகளிலும் சாம்பார் சாம்பாராக இல்லை. வம்பே வேண்டாம் என்று காலையும் இரவும் நம்மூர்ப் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், கெட்டிப்பால் டீயான தே தாரேக். மதியம் பிஸ்கட், இல்லையென்றால் மறுபடியும் ரொட்டி. இளைத்துப் போய்விடுவேன் என்று அம்மா பயந்தார். எனக்கு 6 கிலோ ஏறியிருக்கிறது. எந்நேரமும் அசதி, மலச்சிக்கல். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. கூட வேலை பார்ப்பவர்கள் முதலில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் மழுப்பி மழுப்பி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா போனில் கேட்டால் ரசம் சாதம் சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறேன். வேலை பிடித்திருக்கிறது, இரண்டு வருட ஒப்பந்தம். இந்த ஊர் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்பிவிடலாமா?
— பெயர் வேண்டாம், பினாங்கு

பதில் (உணவியல் ஆலோசகர், ஜார்ஜ்டவுன்):

தம்பி, முதலில் இரத்தப் பரிசோதனை. சாப்பாட்டுக் கதை அப்புறம்.

உங்கள் நிறுவனத்துக்கு பேனல் கிளினிக், அதாவது நிறுவனம் ஏற்பாடு செய்திருக்கும் மருத்துவமனை, பெரும்பாலும் இருக்கும். இந்த வாரமே போய் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், பி12, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு எடை கொஞ்சம் ஏறினாலே சர்க்கரை வரும் வாய்ப்பு கூடிவிடுகிறது. அதனால்தான் உடல் எடைக் குறியீட்டில் மற்றவர்களுக்கு 25 வரை சரி என்றால், நமக்கு 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள். அசதிக்கு ஊர் ஏக்கமும் காரணமாக இருக்கலாம், இரத்தச்சோகையும் இருக்கலாம். அதை நானும் நீங்களும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு குழாய் இரத்தம் சொல்லிவிடும்.

சரி, இப்போது “ஊர் ஒத்துக்கொள்ளவில்லை” என்ற உங்கள் வாதத்துக்கு வருவோம். நீங்கள் பினாங்கில் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. எட்டு மாதமாக மைதாவும் கெட்டிப்பாலும்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த முறை ரொட்டி போடுபவருக்கு எதிரே நின்று பாருங்கள். உருண்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். விசிறி வீசி மடிக்கும்போது ஒரு கை மார்ஜரின், கல்லில் போட்டதும் இன்னொரு கை. பல கடைகளில் மாவு பிசையும்போதே கெட்டிப்பாலும் சேர்த்துவிடுவார்கள். ஒரு ரொட்டி ஏறக்குறைய 300 கலோரி. காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் 1200. தே தாரேக் ஒரு கிளாஸுக்கு மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். இதில் காய் என்று பார்த்தால் பருப்பில் மிதக்கும் இரண்டு கேரட் துண்டு. பழம் என்ற பேச்சே கடிதத்தில் இல்லை. மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? தஞ்சாவூரிலேயே இருந்துகொண்டு எட்டு மாதம் பரோட்டாவும் டீயுமாக ஓட்டியிருந்தாலும் இதே 6 கிலோ ஏறியிருக்கும்.

ரொட்டி சானாயை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். பினாங்கில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் என்னையே ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், காலையில் மட்டும். மற்ற நாட்களில் அதே கடையில் தோசை கேளுங்கள். குடிப்பதற்கு “தே ஓ கோசோங்” என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். பால் வேண்டுமென்றால் “தே சி கோசோங்”, சர்க்கரை போடாமல் சுண்டிய பால் ஊற்றித் தருவார்கள். தே தாரேக்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும் நாளில் “கூராங் மானிஸ்” என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள், இனிப்பு குறையும். அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

உங்கள் சாம்பார்ப் புகாரை மட்டும் நான் லேசில் விடுவதாக இல்லை. எங்கள் தாத்தா, பூட்டன் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள், தோட்டக் குடியிருப்பான லயத்து அடுப்பில் கிடைத்ததைப் போட்டுச் சமைத்தார்கள். தேங்காய்ப்பால் தாராளமாகக் கிடைத்தது, காய்ந்த மிளகாய் கிடைத்தது, பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் செரை எனும் எலுமிச்சைப்புல்லைக் காட்டிக்கொடுத்தார்கள். மூன்று, நான்கு தலைமுறையாக அப்படியே ஊறி வந்த ருசி இது. அதைத் தஞ்சாவூர்ச் சாம்பாரோடு பக்கத்தில் வைத்து மார்க் போட்டால் இரண்டுமே தோற்கும். கடைக்குக் கடை ஏறி இறங்கி அம்மா கைப்பக்குவத்தைத் தேடுவதை நிறுத்துங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அது உங்கள் வீட்டு அடுப்பில்தான் கிடைக்கும். வெளியே போனால் இந்த ஊர்ச் சாப்பாட்டை இந்த ஊர்ச் சாப்பாடாகவே சாப்பிட வேண்டும். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டாலே உங்கள் ஏமாற்றத்தில் பாதி குறைந்துவிடும்.

ஆனால் சைவத்துக்கு இங்கே கண்ணி வெடிகள் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். எங்கே காலை வைக்கக் கூடாது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அதனால் எல்லாவற்றையும் கண்டு பயந்துவிட்டீர்கள். நாசி லெமாக்கின் சோறு வெறும் தேங்காய்ப்பால் சோறுதான். கூட வைக்கும் சம்பால் எனும் மிளகாய் விழுதில்தான் நெத்திலியும் பெலாச்சானும் இருக்கும். சீனர் கடையில் கீரை வதக்கச் சொன்னால் சிப்பி சாஸ் ஊற்றுவார்கள், காய்ந்த இறால் தூவுவார்கள், பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும் உண்டு. அசாம் லக்சா எனும் புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீன்தான். ரோஜாக்கில் பழத்தின் மேல் ஊற்றும் கறுப்புக் கூழ் இறாலில் செய்தது. மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவகத்தில், டால் பரவாயில்லை. ஆனால் டால்ச்சா என்று இன்னொன்று இருக்கும், பார்க்க உங்கள் கதம்பச் சாம்பார் மாதிரியே கத்தரிக்காயோடு இருக்கும், அதில் பெரும்பாலும் ஆட்டெலும்போ மாட்டெலும்போ போட்டிருப்பார்கள். சோற்றின் மேல் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் நான்கைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதுதான் அழகே, ஒரு கரண்டி எல்லாப் பானைக்கும் போய்வரும். அங்கே சைவம் தேடுவது வீண்.

“வெஜிடேரியன்” என்று மட்டும் சொன்னால் மலாய்க்கார அண்ணன் தலையாட்டிவிட்டு நெத்திலி போட்டுத் தருவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நெத்திலியை அவர் கறி என்றே நினைக்கவில்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: “டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங், பெலாச்சான், செமுவா தாக் மாக்கான். தெலோர் போலே.” கறி, கோழி, மீன், இறால், பெலாச்சான் எதுவும் சாப்பிட மாட்டேன், முட்டை ஆகும் என்று அர்த்தம். டாகிங் என்று பெயர்ப்பலகையில் இருந்தால் இங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சிதான் என்பதையும் நினைவில் வையுங்கள். சீனர் கடையில் இவ்வளவு நீட்டி முழக்க வேண்டாம். பினாங்கு ஹொக்கியனில் “வா சியா சாய்” என்றால் போதும், நான் மரக்கறி சாப்பிடுபவன் என்று புரிந்துகொண்டு, முடியும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் இதுவரை எட்டியே பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது: சீனர்களின் சைவ உணவகம். பௌத்தர்களுக்காக நடத்துவது. பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். உங்கள் பாட்டி வந்தாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு வரிசையாக வைத்திருக்கும் இருபது, முப்பது வகையில் வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். முதல் நாள் உள்ளே போனதும் மீன், கோழி, ஆட்டுக்கறி எல்லாம் அடுக்கியிருப்பது போலத் தெரியும். வெளியே ஓடிவந்துவிடாதீர்கள். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்து, தோலுக்குக் கடற்பாசி ஒட்டியிருப்பார்கள். அதில் உப்பும் எண்ணெயும் கூடுதல் என்பதால் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தட்டைப் பாதி காயால் நிரப்புங்கள், கால் பங்கு சோறு, கால் பங்கு தௌஹூ எனும் சோயாக்கட்டி, முட்டை, பயறு. இங்கே சுகாதார அமைச்சு “சூக்கு சூக்கு செப்பாரு” (கால், கால், பாதி) என்று சுவரொட்டி போட்டுச் சொல்வதும் இதே கணக்குத்தான். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இந்தக் கடைகளில் கூட்டம் தாங்காது, சீக்கிரம் போய்விடுங்கள். சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் திருவிழா வரும்போது முதல் ஒன்பது நாளும் ஊரெங்கும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். பினாங்கில் சைவக்காரருக்கு அதைவிடக் கொண்டாட்டமான நாட்கள் கிடையாது.

இனி வீட்டு அடுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் லேசான சமையல் மட்டும் என்று எழுதியிருந்தாலும் ரைஸ் குக்கருக்கும் ஒரு வாணலிக்கும் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. பொன்னி அரிசி, துவரம்பருப்பு, பெருங்காயம் எல்லாம் லெபோ பாசார் பக்கத்து லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கிடைக்கும். தோசை மாவு அரைத்தால் ஊர்ப் பழக்கத்தில் இரவு முழுக்க வெளியே வைத்துவிடாதீர்கள், இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு ஆறேழு மணி நேரத்தில் பொங்கி மேடையில் வழிந்திருக்கும்.

கீரைக்கு இங்கே பஞ்சமே இல்லை. பாயாம் என்று விற்பது நம் தண்டுக்கீரைக் குடும்பம். காங்கோங் வள்ளைக்கீரை. சாயோர் மானிஸ் நம்மூர்த் தவசிக்கீரை, அதை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். சத்து என்று பச்சையாக அரைத்துக் குடிக்கக் கூடாது. சோற்றோடு பருப்பும் நறுக்கிய பாயாமும் ஒன்றாகக் குக்கரில் போட்டு, மேலே சீரகம் தாளித்துக் கொட்டினால் இருபத்தைந்து நிமிடத்தில் இரவுச் சாப்பாடு முடிந்தது. சாப்பிட்ட பிறகு பப்பாளி அல்லது கொய்யா. மலச்சிக்கலுக்கு மாத்திரை தேடுவதற்கு முன் இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். குளிரூட்டிய தொழிற்சாலைக்குள் தாகமே தெரியாது. பாட்டிலில் அளந்து வைத்துக் குடித்தால்தான் உண்டு.

புரதத்துக்கு என் சிபாரிசு தெம்பே. ஜாவாக்காரர்களின் கொடை. வேகவைத்த சோயாவைப் பூஞ்சை போட்டுப் புளிக்கவைத்த வில்லை. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது. வாழையிலையிலோ பிளாஸ்டிக்கிலோ சுற்றிச் சந்தையில் அடுக்கியிருப்பார்கள். பிரித்ததும் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருப்பதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். அங்கங்கே சாம்பல் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லை. மூக்கைத் துளைக்கிற அம்மோனியா வாடை அடித்தால் மட்டும் வேண்டாம். விரல் தடிமனில் சீவி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு பிசறி கால் மணி நேரம் வைத்து, கொஞ்சம் எண்ணெயில் கறிவேப்பிலையோடு இரு பக்கமும் சிவக்க வறுத்தெடுங்கள். வாழைக்காய் வறுவல் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமாகவே இருக்காது. கடையில் வாங்கும் தெம்பே சம்பாலில் நெத்திலி கலந்திருக்கும் என்பதால் பச்சையாக வாங்கி நாமே வறுப்பதுதான் சரி.

பெலாச்சான் வாடைக்கு வருகிறேன். சாப்பிடப் பழகுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். சைவம் உங்கள் விருப்பம், அதில் யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாடைக்கு மூக்கு பழகும், அது வேறு விஷயம். முதலில் குமட்டுவது மூளை “இது ஆபத்து” என்று தவறாகக் கணக்குப் போடுவதால். ஆபத்து எதுவும் வரவில்லை என்று பலமுறை கண்ட பிறகு அந்தக் கணக்கு மாறும். நீங்கள் ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திக்கொள்வதால் மூளைக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, காற்றாடியைப் போட்டு, கூடத்தில் உட்கார்ந்து அவர்களோடு பேசிக்கொண்டிருங்கள். முடியாத அன்று எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். “சுடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் கீழே போய்வருகிறேன்” என்று நேராகவே கேட்கலாம். எட்டு மாதமாக ஒரு வீட்டில் இருக்கிறீர்கள், இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் பெருங்காயம் தாளித்தால் அவர்களும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், அப்போது இதே மரியாதையை அவர்களுக்கும் காட்டுங்கள். அவரவருக்குத் தனி வாணலி இருந்தால் ஹலால் பற்றி அவர்களுக்கும் சைவம் பற்றி உங்களுக்கும் கவலை இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது எடையோ சர்க்கரையோ அல்ல. கூட வேலை பார்ப்பவர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்ற ஒரு வரிதான். நீங்கள் எட்டு மாதமாகத் தனியாகச் சாப்பிடுகிறீர்கள். தனியாகச் சாப்பிடுகிறவன் எதையாவது சீக்கிரம் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவான்; என்னிடம் வரும் வெளியூர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோயே அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், இந்த முறை நீங்கள் கூப்பிடுங்கள். “நான் சைவம், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு வராமல் இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்தச் சீன சைவக் கடைக்குப் போகலாமா?” அவ்வளவுதான். அந்தக் கடைக்கு மலாய் நண்பர் வரத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அவரோடு தேநீருக்குப் போகலாம். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்று வீட்டுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். இந்த நாட்டில் திறந்த இல்லம் என்றால் நிஜமாகவே திறந்த இல்லம்தான். இரண்டு நாள் முன்னதாக உங்கள் பட்டியலைச் சொல்லிவிட்டால் எந்த வீட்டிலும் கெத்துப்பாட் எனும் ஓலையில் வேகவைத்த சோற்றுக்கட்டியோ பழமோ உங்களுக்கென்று எடுத்துவைத்திருப்பார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போடும் குழுக்களுக்கு எப்போதும் ஆள் தேவை. காய் நறுக்கக் கை கொடுத்தால் சாப்பாட்டோடு பத்துப் பதினைந்து அண்ணன் தம்பிகளும் கிடைப்பார்கள்.

அம்மாவிடம் சொல்லும் பொய்யையும் விட்டுவிடுங்கள். ரசம் சாதம் சாப்பிட்ட பிள்ளைக்கு 6 கிலோ எப்படி ஏறியது என்று அடுத்த விடுமுறையில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இங்கே நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு நீங்கள் அழைத்தால் அங்கே ஏழரை. அம்மாவும் அடுப்படியில்தான் இருப்பார். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் ரசம் வையுங்கள். தெம்பேயையும் காட்டுங்கள், “இதென்னடா பூசணம் பிடிச்சது” என்பார், விளக்குங்கள். அடுத்து யாராவது ஊரிலிருந்து வந்தால் பருப்புப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, வத்தல் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பிள்ளை பட்டினியாக இல்லை என்று தெரிவதைவிட, தன்னால் ஏதோ செய்ய முடிகிறது என்பதுதான் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

ஒன்று மட்டும் கவனமாகப் படியுங்கள். சாப்பாடு சரியான பிறகும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், காலையில் எழுந்திருக்கவே மனமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது என் துறை அல்ல. மருத்துவரிடம் போய் மனம் சோர்ந்திருக்கிறது என்றே சொல்லுங்கள், வயிறு என்று சுற்றி வளைக்க வேண்டாம்.

திரும்பிப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, எச்பிஏ1சியை மறுபடி பார்த்துவிட்டு யோசியுங்கள். அதற்குப் பிறகும் ஊர்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள். விருப்பம் என்று சொல்லிக்கொண்டு போங்கள், வயிற்றின் மேல் பழி போடாதீர்கள். போகும் முன் ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். உணவியல் ஆலோசகர் சொல்ல வேண்டிய விஷயம் இல்லைதான், ஆனாலும் பல பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.